தோலுக்கடியில் ஒரு குண்டு

“இடது பக்கத்தை முதல்ல உரிச்சிடு, லுபிண்டா. அவர் குளிச்சு, காபி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள.”

“இடது பக்கம் அடியில கிடக்கு பாஸ். புரட்டறதுன்னா இன்னும் நாலு ஆளாவது வேணும்.”

“நீ ஒரு ஆளு, நான் ஒரு ஆளு. சங்கிலி இருக்கு. போதாதா?”

“நீங்க கையில ரத்தம் பட்டா பத்து தடவை சோப்பு போடுறவரு. உங்களை அரை ஆளுன்னுதான் வைக்க முடியும்.”

மற்ற நாளாக இருந்தால் ஹென்னிங் சிரித்திருப்பார், பதிலுக்கு லுபிண்டாவின் மொழியிலேயே ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லியிருப்பார். இன்று அவர் கொட்டகை வாசலில் நின்றபடி முகாமின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மொப்பானே மரங்களுக்கு அப்பால் விருந்தினர் குடிசையின் நாணல் கூரை தெரிந்தது. அதன் பின்புறமிருந்து தண்ணீர் விழும் சத்தம் வந்தது. பெரியவர் இன்னும் குளித்துக்கொண்டிருந்தார்.

கொட்டகையின் சிமென்ட் தரையில் காட்டெருமை கிடந்தது. கொம்புகள் நடுவில் ஒட்டிய இடம் பழைய மரத்தின் பட்டை போல வெடித்திருந்தது. கடைவாயில் இலையோடு ஒரு சிறு கிளை செருகியிருந்தது.

லுபிண்டா அதன் வலது தோளுக்குப் பின்னால் இருந்த துளையில் சுண்டுவிரலை வைத்தான். விரல் முதல் கணுவரை தடையில்லாமல் உள்ளே போனது. ஐந்து நாளைக்கு முன்னால், பெரியவர் தன் துப்பாக்கியைக் குறிபார்த்துச் சரிசெய்த அன்று, பலகையில் விழுந்த துளைகளிலும் அவன் விளையாட்டாக இதே விரலை விட்டுப் பார்த்திருந்தான். அன்று நகத்தோடு நின்றுவிட்டது.

“இது உங்க துப்பாக்கி போட்ட துளை, பாஸ்.”

ஹென்னிங் திரும்பினார். “லிகாண்டோ சொன்னானா?”

“அவன் வண்டியை விட்டு இறங்கினதுலேர்ந்து வாயே திறக்கல. எருமை விழுந்த நாள்ல என் தம்பி பேசாம இருந்து நீங்க பார்த்திருக்கீங்களா? அப்பவே எனக்குச் சந்தேகம்.”

“ரெண்டு பேரும் ஒரே நொடியில சுட்டோம். ஒரே சத்தமாத்தான் கேட்டுச்சு. அவர் குண்டு எங்க போச்சுன்னு தெரியல. மண்ணோ, மரமோ.”

“வேற துளையே இல்லையா?”

“நீயே தேடிப் பாரு.”

லுபிண்டா வண்டியிலிருந்து இறக்கும்போதே தேடியிருந்தான். உண்ணி கடித்த தழும்புகளைத் தவிர அந்த உடம்பில் வேறொன்றும் இல்லை.

பெரியவரின் பெயர் எகோன் வால்னர். ஆஸ்திரியாவின் மலைப்பக்கத்திலிருந்து வந்தவர், வயது எழுபத்தாறு. வந்த முதல் நாளே சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் ஹென்னிங்கின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்கு வாங்கினார். ‘என்னோட சேர்ந்து நீ சுடக்கூடாது. எருமை என் மேல ஏறி நின்னா ஒழிய உன் துப்பாக்கி பேசக்கூடாது. இது என் கடைசி வேட்டை.’ ஹென்னிங் கையைக் குலுக்கினார். அப்போது தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த லுபிண்டாவுக்குக் கோபம் வந்தது. துப்பாக்கியைத் தாங்கும் முக்காலியைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நிற்பவன் லிகாண்டோ. இரண்டு வருடத்துக்கு முன் அடிபட்ட எருமை ஒன்று அவனைத் தூக்கி எறிந்தது. இடது காலுக்குள் இன்னும் கம்பி இருக்கிறது. நடப்பான், தடம் பார்ப்பான். ஓட முடியாது. அன்றே லுபிண்டா ஹென்னிங்கைத் தனியாகப் பிடித்துக் கேட்டிருந்தான்: “வாக்கு உங்களோடது. கால் என் தம்பியோடது. இது என்ன நியாயம்?”

இப்போது ஹென்னிங் அதே பேச்சை எடுத்தார்.

“நாப்பது அடி தூரம்கூட இருக்காது. எருமை தலையைத் தூக்கிப் பார்த்துச்சு. பெரியவரோட துப்பாக்கிக் குழல் ஆடி வட்டம் போடுது, லுபிண்டா. லிகாண்டோ முன்னாடி நிக்கிறான். என் விரல் தானா அழுத்திடுச்சு.”

“நல்லதுதான் பண்ணீங்க.”

“பண்ணினேன். அதோட நின்னிருக்கணும். கிளையை ஒடிச்சுத் தொலைச்சேன்.”

லுபிண்டா கத்தியைத் தீட்டுவதை நிறுத்தினான். ஜெர்மன் பேசுகிற விருந்தினர்களின் வழக்கம் அவனுக்குப் பத்தொன்பது வருடமாகத் தெரியும். அமெரிக்கக்காரர்கள் விலங்கு விழுந்தால் கத்துவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், படம் எடுப்பார்கள். இவர்களோ கோயிலுக்குள் வந்ததுபோல் அமைதியாகிவிடுவார்கள். ஒரு கிளையை ஒடித்து, கடைசிச் சாப்பாடு என்று விலங்கின் வாயில் வைப்பார்கள். இன்னொரு கிளையை அதன் ரத்தத்தில் தோய்த்து, கூட்டிப்போனவர் சுட்டவரிடம் நீட்டுவார். சுட்டவர் அதைத் தொப்பியின் வலது பக்கம் செருகிக்கொள்வார். யாருடைய குண்டு வீழ்த்தியதோ அவருக்குத்தான் கிளை. இரவுச் சாப்பாட்டு மேசையில் பொய்க் கதைகள் எவ்வளவோ ஓடும், மானின் கொம்பு ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு விரல்கடை வளரும். ஆனால் கிளை விஷயத்தில் யாரும் பொய் சொல்லி லுபிண்டா பார்த்ததில்லை.

“ஏன் ஒடிச்சீங்க?”

“எருமை விழுந்தா கிளை ஒடிக்கணும். எங்க அப்பா சொல்லிக்கொடுத்தது, கைக்குப் பழகிப்போச்சு. புத்தி வர்றதுக்குள்ள அவர் தொப்பியைக் கழட்டிக்கிட்டு நிக்கிறார். கண்ணுல தண்ணி. நீட்டிட்டேன். என்ன பண்ணச் சொல்ற?”

“குண்டு கிடைக்கலைன்னு சொல்லிடலாம். மறுபக்கம் துளைச்சிட்டுப் போயிடுச்சுன்னு.”

“மறுபக்கம் துளையில்லன்னு அவர் பார்த்துட்டார். இடது விலாவைத் தடவி, தோலுக்கடியில உருண்டையா இருக்கறதைக் கட்டைவிரலால அமுக்கிக் காட்டினார். ‘இதோ இருக்கு என் குண்டு. நான் வந்து பார்க்கறப்ப எடுக்கணும்’னார்.”

லுபிண்டா கத்தியைக் கீழே வைத்தான். குண்டு எடுப்பது அவன் வேலையில் ஒரு பகுதி. சதைக்குள் மலர்ந்து நசுங்கிய குண்டைத் தேடி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, சிவப்புத் துணியில் சுற்றி விருந்தினரிடம் கொடுப்பான். பெரிய பெரிய மனிதர்கள் அதைக் குழந்தையின் முதல் பல்லைப் போல உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார்கள். ஒருமுறை ஊருக்குப் போன ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, இது என் சிறுத்தையிலிருந்து எடுத்த குண்டுதானா என்று கடிதம் எழுதிக் கேட்டார். ஹென்னிங் ஒரே வரியில் பதில் போட்டார்: ‘லுபிண்டா எடுத்துக் கொடுத்தது.’ அதற்கு மேல் அந்த மனிதர் எழுதவில்லை. அந்த ஒரு வரியை லுபிண்டா தன் மனைவியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்.

ஹென்னிங் கால்சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். அவருடைய நகங்களில் மரத்தூள் ஒட்டியிருந்தது. “குறி பார்த்த பலகைக்குப் பின்னால மரக்கட்டை இருக்கில்ல? அதைத் தோண்டி எடுத்தேன். இது அவர் துப்பாக்கியோடது. இதை அந்த இடத்துல வச்சு, அவர் முன்னாடி எடுத்துக் குடு.”

செம்பு நிறத்தில் சின்னக் காளான் போல இருந்தது. லுபிண்டா வாங்கிக்கொள்ளவில்லை.

“பாஸ், நான் இதுவரைக்கும்…”

“தெரியும். எனக்காகக் கேக்கல.” ஹென்னிங்கின் குரல் இறங்கியது. பிறகு, “எனக்காகவும்தான் கேக்கறேன்,” என்றார். “அவங்க ஊர்ல ஒருத்தர் சொல்லித்தான் இன்னொருத்தர் இங்க வர்றாங்க. ஹென்னிங் வாக்கு மீறுவான், பொய்க் கிளை குடுப்பான்னு ஒருத்தர் சொன்னா போதும். ஆனா நான் சுட்டது யாருக்காகன்னு உனக்குத் தெரியும்.”

தெரியும். அதனால்தான் லுபிண்டாவின் கை நீண்டது. சின்னக் காளான் அவன் சட்டைப் பைக்குள் விழுந்தது. அதன் கனம் நெஞ்சில் பட்டதும், எங்கோ மாட்டிக்கொண்ட உணர்வு வந்தது.

“என்ன அத்தான், இன்னும் எருமை மாப்பிள்ளைக்குச் சட்டையே கழட்டலையா?”

நலிஷெபோ வந்துவிட்டாள். லுபிண்டாவின் மனைவிக்குத் தங்கை. ஊரின் வனக்குழுவிலிருந்து இறைச்சியை நிறுத்து வாங்கிப் போக வருகிறவள். தோளில் தராசு, கக்கத்தில் நோட்டு, பின்னால் தலையில் பாத்திரங்களோடு ஆறு பெண்கள்.

“வந்ததும் வாயைத் திறந்துட்டியா? வந்து கயித்தைப் பிடி. புரட்டணும்.”

“பொம்பளைங்கதான் புரட்டணுமா? அப்ப மீசை எதுக்கு அத்தான்? ஈ ஓட்டவா?”

பெண்கள் சிரித்தார்கள். சங்கிலியை மாட்டி, கயிறு கட்டி, எல்லாருமாக இழுத்தார்கள். எருமை மெல்ல எழும்பி, ஒரு பெருமூச்சு போல வயிற்றுக்காற்றை விட்டு, மறுபக்கம் சாய்ந்தது. துளையுள்ள பக்கம் அடியில் போய்விட்டது. ஹென்னிங்கின் தோள்கள் கொஞ்சம் தளர்ந்ததை லுபிண்டா கவனித்தான். இடது பக்கம் மேலே வந்தது. கடைசி விலாவுக்கு நாலு விரல் முன்னால், தோலுக்கடியில் அந்த உருண்டை தெரிந்தது.

“எருமைக்குக் கட்டியா?” நலிஷெபோ விரலால் குத்தப் போனாள்.

“தொடாதே!” லுபிண்டா கத்தியது அவனுக்கே அதிகமாகப் பட்டது.

“அடேயப்பா. உங்க மாமியார் வீட்டுச் சொத்தா?” நோட்டைப் பிரித்தாள். “எத்தனை குண்டு பாஸ்? எழுதணும்.”

“ஒண்ணு,” என்றார் ஹென்னிங்.

“ஒண்ணேதானா? நாங்க ஆத்தங்கரையில இருந்தோம். எவ்வளவு நீளமான சத்தம்! துப்பாக்கி ரெண்டு தடவை இருமின மாதிரி. வயசான ஆளாச்சே, துப்பாக்கிக்கும் சளி பிடிச்சிருக்கும்னு பேசிக்கிட்டோம்.”

அவள் இரண்டு தடவை இருமிக் காட்டினாள். பெண்கள் மறுபடியும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. எகோன் வால்னர் கொட்டகை வாசலில் நின்றிருந்தார்.

தலைமுடி ஈரமாக இருந்தது. புதிதாகச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் போல. சாம்பல் நிறத் தொப்பியின் வலது பக்கத்தில் மொப்பானே கிளை. இலைகள் இரண்டு இரண்டாக மடிந்து வாடத் தொடங்கியிருந்தன. காய்ந்த ரத்தம் கறுத்திருந்தது.

நலிஷெபோ பேசிய மொழி அவருக்குத் தெரியாது. ஆனால் இருமிக் காட்டியதைப் பார்த்திருப்பார். “அவங்க எதுக்குச் சிரிக்கிறாங்க?” என்று கேட்டார்.

“இறைச்சி கிடைக்குதுன்னு சந்தோஷம்,” என்றார் ஹென்னிங், கொஞ்சம் வேகமாக. “இங்க நாத்தம் அதிகம். நிழல்ல உக்காருங்களேன். எடுத்ததும் இவன் கொண்டு வருவான்.”

“நாத்தத்துக்குப் பயந்தா நான் பாடம் பண்ணின தலையைக் கடையில வாங்கியிருப்பேன்.” அவர் உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். “ஹென்னிங், என் படுக்கைக்குப் பக்கத்துல ஒரு சின்னப் புட்டி இருக்கு. ப்ளம்பழச் சாராயம். எடுத்துட்டு வா. குண்டை எடுத்ததும் இவனோட ஒரு மடக்குக் குடிக்கணும்.”

“நான் யாரையாவது அனுப்பறேன்.”

“நீயே போ. மத்தவங்களுக்கு எங்க இருக்குன்னு தெரியாது.”

ஹென்னிங் லுபிண்டாவைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு மொப்பானே மரங்களுக்கு நடுவே வேகமாக நடந்தார், ஓடக்கூடாது என்று தன்னைத் தானே பிடித்துவைத்துக்கொண்டவர் போல. பெண்கள் வெளியே மரத்தடிக்குப் போய்ப் பாத்திரங்களைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள். பெரியவர் அவர்களைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் லுபிண்டா சட்டைப் பைக்குள் கைவிட்டான். சின்னக் குண்டு இடது உள்ளங்கைக்குள் வந்தது. மூன்று விரல்களை அதன் மேல் மடித்துக்கொண்டான்.

வயிற்றின் நடுக்கோட்டில் கத்தியை வைத்தான். தோல் கிழியும் சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டும் செய்யக்கூடிய வேலை. இன்று கத்தி இரண்டு இடத்தில் சதைக்குள் இறங்கிவிட்டது.

“உன் பேரைச் சொன்னா எங்க ஊர்ல நாலு பேருக்குத் தெரியும்,” என்றார் எகோன்.

“அப்படியா ஐயா.”

“பல் டாக்டர் ஒருத்தர் இருக்கார். நீ துணியில சுத்திக் குடுத்த குண்டை இன்னும் அதே துணியிலதான் வச்சிருக்கார். துவைக்கக்கூட விடமாட்டேங்கறாராம்.”

லுபிண்டா சிரிக்க முயன்றான். தோலைப் பிடித்து இழுத்து, அடியில் கத்தியை ஓட்டினான். வெள்ளைச் சவ்வு விலகிக்கொண்டே போனது. இன்னும் இரண்டு சாண்.

“நான் ஏன் ஹென்னிங்கிட்ட அப்படி ஒரு வாக்கு வாங்கினேன்னு நீ கேக்கல.”

“விருந்தாளிங்களைக் கேள்வி கேக்கறது எங்க வழக்கம் இல்ல ஐயா.”

“என் மாமனார் பெரிய வேட்டைக்காரர். கடைசியில கை நடுக்கம் வந்துடுச்சு. கரண்டியில சூப்பு நிக்காது. அந்த வருஷம் இலையுதிர் காலத்துல ஒரே ஒரு கலைமான் சுடணும்னு ஆசைப்பட்டார். கூட்டிட்டுப் போனேன். அவர் குழல் ஆடறதைப் பார்த்தேன். மான் போயிடும், மனுஷன் உடைஞ்சு போயிடுவார்னு நெனச்சேன். பின்னாடி நின்னு அவரோட சேர்ந்து சுட்டேன். மான் விழுந்துச்சு. கிளையை ஒடிச்சு நீட்டினேன்.”

லுபிண்டாவின் கத்தி நின்றது. பிறகு ஓடியது.

“வாங்கிக்கிட்டார். தொப்பியில செருகினார். ஊரே வந்து கை குலுக்குச்சு. நான் நல்லது செஞ்சிட்டேன்னு அன்னிக்கு ராஜா மாதிரி இருந்தேன். அவர் அந்தத் தொப்பியை வீட்டுக்கு வந்து ஆணியில மாட்டினார். அதுக்கப்புறம் போடவே இல்ல. குளிர்ல, மழையில, வெறுந்தலையோட போவார். கேட்டா, தலை அரிக்குதுன்னுவார். செத்தப்ப மாமியார் அந்தத் தொப்பியைச் சவப்பெட்டிக்குள்ள வச்சாங்க. கிளை அதுலயே இருந்துச்சு. எடுத்துடலாம்னு போனேன். கை வரல.”

“அவருக்குத் தெரியுமா ஐயா?”

“நாப்பத்தாறு வருஷமா அதைத்தான் என்னையே கேட்டுக்கிட்டிருக்கேன்.”

மரத்தடியில் நலிஷெபோ எதையோ சொல்ல, பெண்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். ஈக்கள் எருமையின் கண்ணில் மொய்த்தன. பாதை வளைவில் ஹென்னிங் வருவது தெரிந்தது, கையில் சின்னப் புட்டி.

லுபிண்டா தோலை மடித்து, அடியில் வலது கையை நுழைத்தான். கன்றிய சதையின் நடுவே விரல் அதைத் தொட்டது. அகலமான, சூடான, கனமான குண்டு. இரண்டு விரலால் நெம்பினான். அது தானே உள்ளங்கைக்குள் உருண்டு வந்தது. மடித்த தோலுக்கடியில் ஒரு கையில் ஒன்று, மேலே இன்னொரு கையில் ஒன்று. இடது கையைத் தோலுக்கடியில் விட்டு எடுத்தால் போதும். யாருக்கும் தெரியாது. லிகாண்டோ அடுத்த வாரம் இன்னொருவருக்கு முன்னால் முக்காலி பிடித்து நிற்பான், பின்னால் ஹென்னிங் நிற்பார். இந்த மனிதரோ இந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு மலையூருக்குப் போவார். போட்டுக்கொண்டு போவாரா?

“எருமை விழுந்ததும் ஹென்னிங் புல்லுல குனிஞ்சு எதையோ பொறுக்கினான்,” என்றார் எகோன். குரலில் குற்றம்சாட்டும் தொனி இல்லை. “சுட்ட தோட்டாவோட வெத்துக் கூடா இருக்கலாம். ஷூ கயிறு அவிழ்ந்திருக்கலாம். எனக்குக் கண் அவ்வளவு நல்லா இல்ல. காதுல என் துப்பாக்கிச் சத்தம்தான் நிறைஞ்சிருந்துச்சு. ஆனா அவன் கிளையை நீட்டினப்ப அவன் முகத்தைப் பார்த்தேன். அன்னிக்கு என் முகத்தை என் மாமனார் எப்படிப் பார்த்திருப்பார்னு தோணுச்சு.”

அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். வாடிய இலை ஒன்று தரையில் உதிர்ந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

“எனக்கு மூணு குண்டு பாக்கி இருக்கு. இன்னும் ரெண்டு நாளும் இருக்கு. ஆனா இதுதான் என்னோடதுன்னா, நான் இன்னிக்கே துப்பாக்கியைத் துடைச்சு உறையில போட்டுடுவேன். அதான் நான் தெரிஞ்சுக்கணும்.”

ஹென்னிங் கொட்டகைக்குப் பத்தடி தூரத்தில் வந்து நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. புட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

லுபிண்டா எழுந்தான். முழங்கைவரை ரத்தம். இரண்டு கைகளும் மூடியிருந்தன.

பெரியவர் உள்ளங்கையை விரித்து நீட்டினார். அது நடுங்கியது. அதை நிறுத்துவதற்கு அவர் மற்றொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“கழுவ வேண்டாம். துணியும் வேண்டாம். நீ எடுத்ததை அப்படியே என் கையில வை, லுபிண்டா.”